ஊரில் ஒரு மாற்றம் உருவாகும்போதே அதை எப்படி அடையாளம் காண்பது? காரணம் எது, விளைவு எது என்று எப்படிப் பிரிப்பது?

சமூகவியல் படித்தவர்கள் இதற்கு வேறு பதில் சொல்வார்கள். நான் படித்தது பி.காம்., பிழைப்பு மொய் எழுதுவது. உசிலம்பட்டி, செக்கானூரணி, கருமாத்தூர் வட்டாரத்தில் விசேஷ வீடுகளுக்கு கம்ப்யூட்டர், பிரிண்டர், நோட்டு எண்ணும் மெஷினோடு போய் உட்காருவோம். மொய் பதிந்து கையோடு ரசீது கொடுத்து, சாயங்காலம் ஊர்வாரியாகப் பிரித்து நோட்டாக பைண்டு பண்ணி வீட்டுக்காரர் கையில் ஒப்படைப்போம். எனக்கு முன்னால் அப்பா செய்த வேலை இது. அவர் பள்ளிக்கூட வாத்தியார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதற்காகவே எந்த விசேஷம் என்றாலும் அவரை மேஜையில் உட்கார வைத்து பேனாவைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி மொய் நோட்டுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மொய் என்பது கடன். ஆயிரம் செய்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் அந்த ஆயிரத்தைத் திருப்பி, மேலே புதுசாகக் கொஞ்சம் சேர்த்துச் செய்யவேண்டும். செய்யாமல் விட்டால் வாசலில் வந்து நின்று கேட்பார்கள். ஆகவே யாரும் நோட்டைத் தூக்கிப் போடுவதில்லை; பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-க்குப் பிறகு 2027 என்று தள்ளிப் போய்விட்டது. மொய் நோட்டு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் புதுசாக வருகிறது.

எங்கள் வீட்டில் மூன்று நோட்டு இருக்கிறது. 1991-இல் அக்காவின் காதணி விழா, 2012-இல் என் கல்யாணம், 2023-இல் என் மகளின் காதணி விழா. ஒரு கொரோனா நாளில் வேலையில்லாமல் முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். முதல் நோட்டில் பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று. இடையிடையே ஒரு கிடாய், இரண்டு மூட்டை நெல், ஒரு அண்டா. இரண்டாவதில் நெல் காணாமல் போய்விட்டது. பணம் எவ்வளவு ஏறியது என்பதில் எனக்கு அக்கறையில்லை, விலைவாசியோடு அதுவும் ஏறத்தான் செய்யும். நெல் எந்த வருஷம் நின்றது என்பதுதான் சுவாரசியம். புதுசாக வருகிற பொருள் எல்லார் கண்ணிலும் படும். வராமல் போனதை யாரும் கவனிப்பதில்லை. என் அனுபவத்தில், மாற்றத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் வராமல் போனதில்தான் இருக்கிறது.

பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 நோட்டில் பெண் பெயர் என்றால் அது விதவையின் பெயராகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் ஆண்கள், 'இன்னார் மகன் இன்னார்'. 2023 நோட்டில் புரட்டுகிற பக்கமெல்லாம் பெண்கள். இதை நான் முதலில் உணர்ந்தது ஒரு மேஜையில்தான். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா சுருக்குப்பையிலிருந்து நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டை எடுத்து நீட்டினார். நான் வழக்கப்படி, "வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா" என்றேன்.

"என் பேரையே போடுப்பா."

"ஐயா பேர்ல பழைய கணக்கு இருக்குமேம்மா?"

"அவரு பேர்ல போட்டா அவங்க அண்ணன் தம்பி பங்குக்குப் போயிரும். இது என் சீட்டுக்காசு. நாளைக்கு என் மகளுக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் திரும்பி வரணும்."

காரணம் என்ன? நான் உடனே முடிவு கட்டிவிட்டேன்: மகளிர் உரிமைத்தொகை. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் பெண்கள் கணக்கில் விழுகிறது, அதனால்தான் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் வாடிக்கையாளர்களின் பழைய பதிவுகளைத் தேடினால் 2014, 2015-லேயே பெண் பெயர்கள் ஏறத் தொடங்கிவிட்டன. விளைவு முன்னால் வந்து காரணம் பின்னால் வருமா? உரிமைத்தொகை அதை வேகப்படுத்தியிருக்கலாம், தொடங்கி வைத்திருக்க முடியாது. பின்னோக்கிப் போனால் வேறு இரண்டு விஷயம் தட்டுப்படுகிறது. ஒன்று சுய உதவிக் குழு: தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரியில் தொடங்கி, 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் போனது. இன்னொன்று நூறு நாள் வேலை: 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்தது, இங்கே அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பங்கு பெண்கள், கூலியும் அவரவர் பெயருக்கு. கையில் தனிக் காசு வந்து, அது பழகி, மொய் மேஜையில் தன் பெயரைச் சொல்லும் தைரியம் வர இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. காரணத்தைத் தேடும்போது பெரும்பாலும் நாம் நேற்றைய பேப்பரைத்தான் புரட்டுகிறோம். பத்து வருஷத்துக்கு முந்தைய பேப்பர் வேண்டும்.

ஏமாந்த கதையும் உண்டு. 2016 கார்த்திகை முகூர்த்தங்களில் மொய் பாதிக்குப் பாதி விழுந்தது. 'மொய் ஒழியப்போகிறது, இந்தத் தொழிலுக்கு இனி வேலையில்லை' என்று பயந்து ஒரு பிரிண்டரைக்கூட விற்றுவிட்டேன். அது நவம்பர் 8-இல் ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவித்ததன் அடி. தை, மாசி தாண்டியதும் பணம் பழையபடி வந்தது, சிலர் விட்டுப்போனதையும் சேர்த்துச் செய்தார்கள். பிரிண்டர்தான் வரவில்லை. அதேபோல 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கூகுள் பே, போன் பே கியூஆர் கோடு அச்சடித்து அது ஊரெல்லாம் சுற்றியபோது, நோட்டும் பேனாவும் முடிந்தது என்றார்கள். எங்கள் பக்கம் இன்றைக்கும் தாளாகக் கையில் கொடுத்து, ரசீது வாங்கி, மைக்கில் தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம். போனில் அனுப்பினால் பத்துப் பேர் முன்னால் நின்று கொடுத்த மாதிரி ஆகுமா?

இனி, நான் உண்மையில் சொல்ல வந்தது.

கடந்த சில வருஷமாக எங்களுக்கு வரும் ஆர்டர்களில் 'வசந்த விழா' கூடிக்கொண்டே வருகிறது. கல்யாணம் இல்லை, காதணி இல்லை, புதுமனை புகுவிழா இல்லை. சும்மா மண்டபம் பிடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, பத்திரிகை வைத்து மொய் வாங்குவது. பெயர் மட்டும் அழகு. எங்கள் பகுதியில் வெகுகாலமாக இருப்பதுதான். முன்பு எப்போதாவது ஒன்று நடக்கும். கேட்டால் கிண்டலாக, "பணமுடை, அதான்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன வருஷம் பெரியப்பா என்னிடம் வசந்த விழாவுக்குத் தேதி கேட்கும்வரை. தோட்டம், டிராக்டர், ஊருக்குள் இரண்டு கடை வாடகை என்று வசதியாக இருப்பவர். அவருக்கு எதற்கு?

"ஒங்கண்ணன் கல்யாணத்துல வாங்கிக்கலாம்னு இருவது வருஷமாச் செஞ்சுகிட்டே வந்தேன்டா. பொண்ணு அமையல. செஞ்ச காசெல்லாம் வெளியிலயே நிக்குது. நான் போய்ச் சேர்ந்துட்டா எவன் குடுப்பான்?"

அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. பிறந்தது 1987.

இந்த வருஷத்தைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். 1986-இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை உசிலம்பட்டி பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. அதிலிருந்து எந்த ஊருக்குப் போய் 'உசிலம்பட்டி' என்றாலும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஊரின்மேல் குத்திய முத்திரையில் எனக்கு வருத்தம் உண்டு, அதற்காக நடந்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. கருவிலேயே பார்த்துக் கலைப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அம்மாவிடம் ஒரு தரம் கேட்டேன். அம்மா வேறு பக்கம் திரும்பி அரிசியைப் புடைத்துக்கொண்டே, "காது குத்து, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு, தலைப்பிரசவம்... ஒரு பொட்டப்புள்ளைக்கு எத்தன செய்முறைன்னு உங்க அப்பா நோட்டப் பாரு" என்றார். அந்த நோட்டு விசேஷத்தின் கணக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவன் நான். சிலருக்கு அது பயத்தின் கணக்காகவும் இருந்திருக்கிறது.

இவ்வளவையும் வைத்து, அன்று பெண்களைக் கொன்றார்கள், இன்று பெண் கிடைக்கவில்லை என்று ஒரே கோட்டில் முடித்துவிடலாம். டீக்கடையில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு முழுசாக நிற்காது. சிசுக்கொலை பேசப்படாத ஊர்களிலும் சாதிகளிலும் இதே முப்பத்தைந்து வயது மாப்பிள்ளைகள் நிற்கிறார்களே! 2011 கணக்கில் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆணுக்கு 996 பெண்கள். இதைப் பார்த்தால் குறையே தெரியாது. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மட்டும் பார்த்தால் 943. பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதால், பாட்டிகள் சேர்ந்து சராசரியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கல்யாணச் சந்தைக்குப் பாட்டிகள் வரமாட்டார்கள் அல்லவா?

இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாதது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1992-93-இல் இரண்டரைப் பிள்ளை; 2019-21 குடும்பநலக் கணக்கில் 1.8. வருஷா வருஷம் பிறப்பு குறைந்துகொண்டே வந்தால் என்ன ஆகும்? நம் பக்கம் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நாலைந்து வயது வித்தியாசம் வேண்டும் என்பார்கள். ஒரு வருஷம் ஊரில் நூறு பையன்கள் பிறந்தார்கள் என்று வையுங்கள். அவர்களுக்குப் பெண் தேடவேண்டியது ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவர்களில். அதற்குள் பிறப்பு குறைந்து, பெண்கள் தொண்ணூறுதான். யாரும் யாரையும் கொல்லாமலே பத்துப் பையன்கள் வரிசையில் மிஞ்சுகிறார்கள். மிஞ்சியவர்கள் அடுத்த வருஷத்து வரிசையில் போய் நிற்பார்கள், அங்கே ஏற்கெனவே ஆள் அதிகம்.

மூன்றாவது, பெண்கள் படித்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணனிடம் ஒரு பெண் நேராகவே, "டிராக்டர் இருக்குன்னு சொன்னாங்க. வேலை என்ன பாக்குறீங்க?" என்று கேட்டாளாம். டிராக்டரை வேலை என்று நினைத்திருந்த வீட்டில் அது இடி விழுந்த மாதிரி. எனக்கென்னவோ அந்தப் பெண் கேட்டது சரி என்றுதான் படுகிறது, பெரியப்பா காதில் விழாதவரை.

ஆக மூன்று கயிறு சேர்ந்து முறுக்கிய முடிச்சு. இதில் எந்தக் கயிறு எவ்வளவு கனம் என்று என் நோட்டால் சொல்லமுடியாது. ஆனால் அடுத்த விளைவை மேஜையில் உட்கார்ந்தே பார்க்க முடிகிறது. ஒரு வீட்டில் ஐந்து பிள்ளை இருந்தபோது மொய் திரும்பி வர ஐந்து காதணி, ஐந்து கல்யாணம். ஒன்றே ஒன்று என்றால் இரண்டு வாய்ப்பு. அந்த ஒன்றுக்கும் கல்யாணம் ஆகவில்லை என்றால் போட்ட பணத்தை எடுக்க வழி? வசந்த விழா. கையில் காசில்லாதவன் வைப்பது என்று ஊர் சிரித்த விசேஷத்தை, பிள்ளை குறைந்துபோன வீடுகள் இப்போது வேறு வழியில்லாமல் வைக்கின்றன. பெரியப்பாவுக்குப் பிறகு நான் ஒவ்வொரு ஆர்டரிலும் வீட்டில் எத்தனை பிள்ளை, எல்லாருக்கும் முடிந்ததா என்று பேச்சுவாக்கில் கேட்க ஆரம்பித்தேன். கல்யாணமாகாத மகன் ஒருவர் அடிக்கடி வந்து நிற்கிறார்.

என்னிடம் வருவது மொய் வாங்குகிறவர்கள் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று பத்திரிகையில் போடுகிறவர் என் மேஜைக்கு வரவே மாட்டார், என் கணக்கில் அவர் இல்லை. அதற்காக ஒவ்வொரு சீசனும் பத்திரிகை அச்சடிக்கும் நண்பரிடமும், மண்டப மேனேஜரிடமும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொள்வேன். மூன்று மேஜையிலும் ஒரே கதை வந்தால்தான் நம்புவேன்.

இப்போது நான் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பெரியப்பா வீட்டு வசந்த விழாவில் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு அண்ணன்தான் நின்றார். வருகிறவர்கள் எல்லாரும், "என்னப்பா, உனக்கு எப்போ?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து மொய் செய்தார்கள். பதினோரு மணி வாக்கில் ஒரு அத்தை வந்து இரண்டாயிரம் கொடுத்தார். திரையில் பழைய கணக்கைப் பார்த்தேன், பெரியப்பா அவர்களுக்குச் செய்திருந்ததும் சரியாக இரண்டாயிரம்.

"புதுசு எவ்வளவு சேர்க்கட்டும் அத்தை?"

அவர் வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "புதுசு வேணாம்ப்பா, இத்தோட சரி பண்ணிரு" என்றார்.

அன்றைக்கு மாலை பைண்டு பண்ணும்போது எண்ணிப் பார்த்தேன், அப்படிச் சரி பண்ணிக்கொண்டு போனவர்கள் அவர் ஒருவர் மட்டும் இல்லை. இது ஒரு போக்கா, பெரியப்பா வீட்டுக்கு மட்டும் நடந்ததா என்று தெரிய இன்னும் இரண்டு முகூர்த்த சீசனாவது வேண்டும். 'புதுசு' என்ற கட்டத்தைத் தனியாக எண்ணுகிற மாதிரி சாஃப்ட்வேரில் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.