சர்வரை ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள்: பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். எட்டுக் கணினிகள். சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் சர்வர் விற்று, அதில் எல்லாக் கணினிகளின் பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியை அமைத்துத் தந்தார். இப்போது அது தேவையில்லை. நீக்கச் சொன்னால், “ஃபார்மட் செய்துவிடுகிறேன், 15,000 ரூபாய்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது வாடிக்கையாளர்களின் கணக்கு. கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். ஃபார்மட் செய்தால் அந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும். ஆக்டிவ் டைரக்டரியை மட்டும் முறையாக நீக்கினால் கோப்புகள் அப்படியே இருக்கும்; அதில் இருந்த பயனர் கணக்குகளும் அமைப்புகளும்தான் அழியும்.

முதலில் பேக்கப். அதன் ஒரு பிரதி அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். தானே புயலைப் பார்த்த ஊர் நம்முடையது. அடுத்து, ஒவ்வொரு கணினியிலும் அந்தக் கணினிக்கே உரிய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று நுழைந்து பாருங்கள். சர்வரிலிருந்து கணினியைப் பிரித்த பிறகு அந்தக் கணக்கில்தான் நுழைய முடியும். பலர் சறுக்குவது இங்கேதான். கணினியைப் பிரிக்காதவரை, சர்வர் போன பிறகும் பழைய கடவுச்சொல்லைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே விடும் என்பதால், சிக்கல் உடனே தெரியாது.

பிறகு எட்டையும் டொமைனிலிருந்து (சர்வர் நிர்வகிக்கும் கணினிக் குழு) விலக்கி, ஒவ்வொரு கணினியும் தன் கணக்குகளைத் தானே வைத்துக்கொள்ளும் ஒர்க்குரூப்புக்கு மாற்ற வேண்டும். புதிய கணக்கில் நுழைந்ததும் டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரியும். பதற வேண்டாம். பழைய கோப்புகள் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் இருக்கும், அங்கிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம். கணினிகளில் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரி சர்வரைக் காட்டினால் அதை ரூட்டருக்கு மாற்றுங்கள். இல்லையேல் சர்வரை அணைத்ததுமே இணையமும் நின்றுவிடும்.

சர்வரைத் தொடுவது கடைசியில்தான். விண்டோஸ் சர்வர் 2012 பதிப்பு முதல், அதிலுள்ள சர்வர் மேனேஜர் என்ற நிரலிலேயே ஆக்டிவ் டைரக்டரியை நீக்கலாம். அதற்கு முந்தியவற்றில் டிசிபிரோமோ (dcpromo) என்ற கட்டளை. இருப்பது ஒரே சர்வர் என்றால் ‘டொமைனின் கடைசி டொமைன் கன்ட்ரோலர்’ (டொமைனை நடத்தும் கடைசி சர்வர்) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லையும் கேட்கும். அதை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், கடைக்காரர் அல்ல.

இன்னொன்று. தொழிலுக்காகப் பெற்ற சேவை என்பதால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி வழக்கு நிற்பது கடினம். ஆகவே மேலே சொன்ன வேலைகளை வரிசையாக எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்துடன் விலைப்புள்ளி கேளுங்கள். சர்வரின் இப்போதைய கடவுச்சொற்களையும் எழுத்தில் வாங்குங்கள். அவை உங்கள் சொத்து. எட்டுக் கணினியும் திறந்து, இணையமும் வந்த பிறகு தொகையைக் கொடுங்கள்.