கோபியில் இருந்துகொண்டே கோவைப் பல்கலைக்கழக லைப்ரரியின் ஜர்னல்களைப் படிக்க முடியுமா?

கேள்வி: கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பார்ட் டைம் பிஎச்டி பதிந்திருக்கிறேன். வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம். மஞ்சளில் வரும் கிழங்கு அழுகல் நோய்தான் தலைப்பு. கூகுளில் தேடினால் பேப்பரின் பெயர் வருகிறது, உள்ளே போனால் டாலரில் காசு கேட்கிறது. எல்லாம் யூனிவர்சிட்டி லைப்ரரியில் இருக்கிறது என்கிறார்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் பஸ் ஏற முடியுமா?

பஸ் ஏற வேண்டியதில்லைங்க. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே படிக்கலாம். நான் சென்னிமலைக்காரன். வேலைக்குப் போய்க்கொண்டே பார்ட் டைமில் படித்து, போன வருடம்தான் வைவா முடித்தேன். முதல் எட்டு மாதம் நானும் சனிக்கிழமை தவறாமல் கோவைக்குப் போய், பேப்பர்களை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ராத்திரி வீடு திரும்புவேன். வீட்டிலிருந்தே முடியும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த டாலர் ஏன் கேட்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிப்பகங்கள் பல்கலைக்கழகத்திடம் மொத்தமாகச் சந்தா வாங்குகின்றன. பல்கலைக்கழகம் தன் வளாகத்து இன்டர்நெட்டின் ஐபி முகவரிகளை, அதாவது அந்த இணைப்பை அடையாளம் காட்டும் எண்களை, அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கும். அந்த முகவரியிலிருந்து யார் வந்து தட்டினாலும் பதிப்பகத்தின் சர்வர் பேர் ஊர் கேட்காமல் பேப்பரைத் தூக்கிக் கொடுத்துவிடும். நீங்கள் கோபியில் ஜியோவிலோ பிஎஸ்என்எல்லிலோ போகிறீர்கள். அந்த முகவரி பட்டியலில் இல்லை, அதனால் காசு கேட்கிறது. நீங்கள் அங்கே பதிந்த மாணவர் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

நம் பக்கம் நூல் மில்லுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸைப் பார்த்திருப்பீர்கள். ஷிஃப்டுக்கு அந்த பஸ் வந்தால் கேட் திறந்துவிடும். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அதே ஆள் தன் டிவிஎஸ் வண்டியில் வந்தால் நிறுத்திவைத்து ஆயிரம் கேள்வி கேட்பார். லைப்ரரிக்காரர்கள் ‘ரிமோட் ஆக்சஸ்’ என்று சொல்வது உங்கள் ஊருக்கே வரும் மில் பஸ் மாதிரிதான். ஏறும்போது ஐடியைக் காட்ட வேண்டும், அப்புறம் கேட்டில் பேச்சு கிடையாது. அதனால் கூகுளில் ஆரம்பிக்காமல் எப்போதும் லைப்ரரியின் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். எனக்கு இது உறைக்கவே ஒரு மாதம் ஆனது. லாகின் வாங்கிய பிறகும் பழக்கதோஷத்தில் கூகுளில் தேடி, நேராகப் பதிப்பகத் தளத்தில் போய் நின்று, ‘இந்த ஐடி வேலை செய்யலையே’ என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

பஸ் எந்த மாடல் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சில இடங்களில் ப்ராக்ஸி, அதாவது நமக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நிற்கும் பல்கலைக்கழக சர்வர், இருக்கும். 1999-இல் வந்த ஈஸிப்ராக்ஸி இன்றும் பல நாடுகளில் ஓடுகிறது. அந்த முறையில் நுழைந்தால், ஜர்னல் பக்கத்தின் முகவரியோடு உங்கள் பல்கலைக்கழகத்தின் ப்ராக்ஸி முகவரியும் ஒட்டிக்கொண்டு வரும். அதை வைத்து பஸ்ஸுக்குள் இருக்கிறோமா, வெளியே நிற்கிறோமா என்று கண்டுபிடித்துவிடலாம். வேறு சில இடங்களில் பதிப்பகத்தின் தளத்திலேயே ‘உங்கள் நிறுவனம் வழியாக நுழையுங்கள்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து லாகின் செய்ய வேண்டும். நம் நாட்டில் குஜராத் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இதற்காக ‘இன்ஃபெட்’ என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. ரிமோட்எக்ஸ், மைலாஃப்ட் மாதிரி தனிச் சேவைகளை வாங்கி வைத்திருக்கும் லைப்ரரிகளும் உண்டு. உங்களுக்கு எது என்பதை லைப்ரரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்ட் டைம்காரர்களுக்கு இந்த லாகின் கணக்கு தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். ஃபுல் டைம் ஸ்காலர்களுக்கு டிபார்ட்மென்டே பெயரை அனுப்பிவிடும். நம் பெயர் பல நேரம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. என் விஷயத்தில் நான் போய்க் கேட்டபோது ஒரு பக்க விண்ணப்பம், ஐடி கார்டின் ஜெராக்ஸ், கைடின் கையெழுத்து, அவ்வளவுதான் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் ஐடி வந்துவிட்டது. எட்டு மாத பஸ் காசை நினைத்து அன்று ராத்திரி கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

இன்னொன்று. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசுத் திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்து, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஜர்னல்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்கள் இதில் வருகின்றன. உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம் என்றால், முன்பு லைப்ரரியில் இல்லாத ஜர்னல்கூட இப்போது இருக்கலாம். பழைய சீனியர் யாராவது ‘அதெல்லாம் நம்ம யூனிவர்சிட்டியில கிடையாது’ என்று சொன்னால் நம்பிவிடாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். என்ன தேடுவது, எங்கே தேடுவது?

லைப்ரரி பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது ‘ஓபாக்’ என்ற தேடல் பெட்டி. அது புத்தக அலமாரியின் பட்டியல்தான். எந்தப் புத்தகம் இருக்கிறது, யார் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று சொல்லும். அதில் ஜர்னல் கட்டுரையைத் தேடி ‘ஒன்றும் இல்லை’ என்று வந்ததும் லைப்ரரியையே திட்டிவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். கட்டுரைகளுக்கு டேட்டாபேஸ் பட்டியல் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும், அங்கே போங்கள்.

தேடுவதில் நான் பட்ட பாடு எழுத்துக்கூட்டலால் வந்தது. என் தலைப்பு நொய்யல். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்கு முன்னும் பின்னும் ஆற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்பது. ஒரத்துப்பாளையம் அணை எங்கள் ஊருக்குப் பக்கம், சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் டேட்டாபேஸில் திருப்பூர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நாலு பேப்பர்தான் வருகிறது. நம் ஊர்ச் சாயத்தைப் பற்றி உலகத்தில் நாலே பேர்தான் எழுதியிருக்கிறார்களா? ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. நான் நடுவில் இரண்டு ‘பி’ போட்டுத் தேடியிருக்கிறேன். பழைய பேப்பர்கள் பலவற்றில் ஒரு ‘பி’தான். நொய்யலையும் ‘ஒய்’ இரண்டாகவும் ஒன்றாகவும், ‘ஐ’ சேர்த்தும் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியிருந்தார்கள். கோயம்புத்தூர் சங்கதி உங்களுக்கே தெரியும். 2020 ஜூனில் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை அரசு மாற்றி, சில நாளிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது.

இதற்கு வழி ‘அல்லது’ என்று பொருள் தரும் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல். பெரிய எழுத்தில் போட வேண்டும். ஒரு ‘பி’ திருப்பூர் ஆர் இரண்டு ‘பி’ திருப்பூர் என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, வெளியே, இதுவும் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லும் ‘ஆண்ட்’ போட்டு அடுத்த சொல். பல டேட்டாபேஸ்களில் ஒரு சொல்லின் பாதியை எழுதி நட்சத்திரக் குறி போட்டால் அதன் மற்ற வடிவங்களும் சேர்ந்து வரும். சாயத்துக்கான ‘டை’ என்ற சொல்லை ‘இ’ எழுத்தோடு முடித்து நட்சத்திரம் போட்டால் டைஸ், டையிங், டையர்ஸ் எல்லாம் வந்துவிடும். டையிங்கில் அந்த ‘இ’யை விட்டுவிட்டு எழுதுகிறவர்களும் உண்டு. அப்போது அதற்குச் சாவது என்று அர்த்தம். நொய்யலுக்கு அதுவும் பொருத்தம்தான், அது கிடக்கட்டும்.

உங்கள் மஞ்சளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் டர்மரிக் என்று மட்டும் தேடினால் மருந்து, சமையல், குர்குமின் மாத்திரை என்று ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். தாவரவியல் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குர்குமா லோங்கா என்பதுதான் இப்போதைய பெயர், ஆனால் பழைய கட்டுரைகளில் குர்குமா டொமெஸ்டிகா என்று இருக்கும். இரண்டையும் ‘ஆர்’ போட்டு இணையுங்கள். நோய்ப் பக்கம் கிழங்கு அழுகலைக் குறிக்கும் ரைசோம் ராட் என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே பித்தியம் என்ற கிருமியின் பெயரையும் வையுங்கள். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 ரகங்களின் பெயரை வைத்தும் ஒருமுறை தேடிப் பாருங்கள், நம் மண்ணில் நடந்த சோதனைகள் அதில் மாட்டலாம். எந்தச் சொல்லுக்கு எது மாற்றுச் சொல் என்று தெரியாவிட்டால் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ‘அக்ரோவாக்’ சொல்தொகுதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தில் பதிந்திருந்தால் ‘செரா’ என்ற வேளாண் ஜர்னல் கூட்டமைப்பு உங்களுக்கு உண்டா என்றும் லைப்ரரியில் கேட்டுப் பாருங்கள். வேளாண் ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ், மற்ற பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. ஷோத்கங்காவுக்கு லாகினே வேண்டாம். ஒரு நல்ல தீசிஸ் கிடைத்தால் அதன் கடைசியில் இருக்கும் நூற்பட்டியல் உங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

இப்போது என் திருவிளையாடல். நீங்களும் செய்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ஐடி வந்த புதிதில் ஒரு தீபாவளி லீவு. பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஒரு பக்கத்தில் இருக்கும் எல்லா பிடிஎஃபையும் தானாக இறக்கித் தரும் ஒரு நீட்சியை பிரவுசரில் மாட்டி, ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் 300-க்கு மேல் பேப்பர். ராஜா மாதிரி இருந்தது. லீவு முடிந்த மறுநாள் லைப்ரரியிலிருந்து ஃபோன். “ஏனுங்க தம்பி, அன்னைக்கு ராத்திரி நீங்க தூங்கவே இல்லீங்களா?” என்று நூலகர் மேடம் கேட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பதிப்பகம் இதைத் திருட்டு டவுன்லோடு என்று எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகம் முழுவதற்கும் கதவை மூடிவிட்டது. எம்எஸ்சி பிள்ளைகள் ப்ராஜெக்ட் எழுதிக்கொண்டிருந்த நேரம்.

நேரில் போனேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக என் ஐடி, பக்கத்தில் நேரம். 1:12, 1:12, 1:12, 1:13, 1:13. பக்கம் பக்கமாக அதே பெயர். “மனுஷன் படிக்கிற வேகமா இதுங்க?” என்றார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, இறக்கியதை அழித்துவிட்டேன் என்று உறுதி சொல்லி, கதவு திரும்பத் திறக்க இரண்டு நாள் ஆனது. அந்த 300-இல் எனக்கு உண்மையில் தேவைப்பட்டவை ஒரு நாற்பதுதான் என்பதைப் பிற்பாடு ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தபோது தெரிந்துகொண்டேன். ஐடியை நண்பருக்குக் கொடுத்தாலும் இதே கதைதான், அவர் செய்வதும் உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

ஆனால் அந்தச் சந்திப்பில் ஒரு நல்லதும் நடந்தது. லைப்ரரியில் இல்லாத கட்டுரையை என்ன செய்வது என்று மேடத்திடம் கேட்டேன். டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பு வழியாக வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கலாம் என்றார். அதற்கு முன்னால் எழுதியவருக்கே ஒரு மெயில் போடுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள் என்றும் சொன்னார். நான் மெயில் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். ‘அன்பேவால்’ என்ற சின்ன நீட்சியும் உண்டு, சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். கூகுள் ஸ்காலரின் செட்டிங்ஸில் ‘லைப்ரரி லிங்க்ஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் உங்கள் பல்கலைக்கழகம் இருந்தால் சேர்த்துவிடுங்கள், தேடலுக்குப் பக்கத்திலேயே லைப்ரரி வழியும் வரும்.

பிரவுசரின் மேலே தெரியும் முகவரியைக் காப்பி செய்து வைத்துக்கொண்டு, மறுநாள் திறந்தால் வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். பல டேட்டாபேஸ்களில் அது அந்த லாகினோடு செத்துவிடும். கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கென்றே கொடுத்திருக்கும் அடையாள எண்ணை, குறித்து வையுங்கள், அது மாறாது. கரன்ட் போய் வரும் ஊர்களில் இது ரொம்பவே உதவும்.

இன்றைக்கே லைப்ரரிக்கு மெயில் போட்டுவிடுங்கள். பதிவு எண், டிபார்ட்மென்ட், கைடின் பெயர், பார்ட் டைம் என்பது, வீட்டிலிருந்து பயன்படுத்த ரிமோட் ஆக்சஸ் ஐடி வேண்டும் என்பது, இவ்வளவு போதும். பதிவு எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் அதைக் கேட்டு ஒரு மெயில் வரும், நீங்கள் பதில் போட, அவர்கள் பார்க்க, அதிலேயே ஒரு வாரம் போய்விடும்.