காவிரிப் படுகைக் களிமண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடையில் வயல் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. என்ன சத்துக் குறைவு? (திருத்துறைப்பூண்டி)

சத்துக் குறைவு இல்லை. ஸ்மெக்டைட் வகைக் களிமண் அதிகம், அவ்வளவுதான். அதன் அடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்.

மண் நல்ல கறுப்பு. இந்தப் போகம் எருவை நிறுத்தலாமா? (மன்னார்குடி)

கூடாது. நிறத்தைப் பார்த்துச் சத்தை எடை போடாதீர்கள். கன்னங்கரேல் என்ற மண்ணிலும் அங்ககக் கரிமம் (மக்கிய பொருளிலுள்ள கரி) அரை சதவீதம்தான் இருக்கலாம்.

ஆய்வுத்தாளில் பொட்டாசியம் ஆக்சைடு 2 சதவீதம் என்று இருக்கிறது. பிறகு எதற்குப் பொட்டாஷ்? (பாபநாசம்)

இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் கையில் இருப்பது செங்கல், ஓட்டுத் தொழிலுக்குப் பார்க்கும் மொத்த ஆக்சைடு அட்டவணை. சிலிக்கா 55, அலுமினா 18, இரும்பு ஆக்சைடு 8 என்று வரிசையாக இருக்குமே, அதுதான். மண்ணையே உருக்கிக் கரைத்து எடுத்த கணக்கு அது. ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண் சுமார் 900 டன். அதில் 2 சதவீதம் என்றால் 18 டன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் மைக்கா, ஃபெல்ஸ்பார் படிகங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. இல்லைட் களிமண் அடுக்குகளில் சிக்கியிருப்பது மெதுவாகத்தான் வெளியே வரும். வேர் உடனே எடுக்கக்கூடியது 1, 2 சதவீதம். ஒரு வயலுக்கு அதுவே போதும், பக்கத்து வயலுக்குப் போதாது. போதுமா போதாதா என்று சொல்வது அம்மோனியம் அசிடேட் கரைசலில் பிரித்தெடுத்த ‘கிடைக்கும் சாம்பல்சத்து’ (பயிர் எடுக்கக்கூடிய பொட்டாசியம்) அளவு மட்டுமே. விவசாயி கையில் ஆக்சைடு அட்டவணையைக் கொடுத்து, ஒரு வார்த்தை விளக்காமல் அனுப்புகிறவர்கள் மீது எனக்குக் கடும் கோபம். உரத்தை நிறுத்தி விளைச்சல் குறைந்தால் நஷ்டம் யாருக்கு? ‘கிடைக்கும்’ என்ற சொல் இல்லாத தாளை நம்பி உர முடிவு எடுக்காதீர்கள்.

நெல் வயலில் அடிமண் நீலச்சாம்பலாக இருக்கிறது, வேரைச் சுற்றி மட்டும் துரு நிறம். நோயா? (வலங்கைமான்)

இல்லை. நீர் தேங்கிக் காற்றில்லாத மண்ணில் இரும்பு, ஆக்சிஜன் குறைந்த ஃபெரஸ் நிலைக்குப் போய்விடும்; நீலச்சாம்பல் நிறம் அதனால்தான். நெல் வேர் கசியவிடும் ஆக்சிஜன் பட்ட இடத்தில் மீண்டும் துருவாகும்.

வயல் இறுகிப் போகிறது. எத்தனை மூட்டை ஜிப்சம்? (வேதாரண்யம்)

கார அமில நிலை எழுதவில்லை, சோடியம் அளவு இல்லை, மண் எடுத்த ஆழமும் இல்லை. எதை வைத்து மூட்டைக் கணக்குச் சொல்வது? மாற்றுச் சோடியம் (களிமண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்தைத் தாண்டினால் ஜிப்சம் தேவை. அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளும். வடிகால் இல்லையென்றால் தள்ளிய சோடியம் வயலிலேயே நிற்கும். வெறும் உப்பு மண் என்றால் ஜிப்சம் வேண்டாம், நல்ல தண்ணீர் கட்டி வடியுங்கள்.

சூளைச் செங்கல் மழை பட்டதும் பொரிந்து உதிர்கிறது. (திருவையாறு)

மண்ணில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்திருக்கிறது. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகும், ஈரம் பட்டதும் வீங்கிச் செங்கல்லைப் பெயர்க்கும். மண்ணைச் சலியுங்கள். 2 அடியில் இல்லாத சுக்கான் 4 அடியில் இருக்கலாம், அதனால் எவ்வளவு ஆழத்தில் வெட்டினீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.