கொடுப்பனவு எடுக்க வராதவரை முதலில் நேரில் பாருங்கள்

யாழ்ப்பாணம் கோப்பாயில் தனியே வசிக்கும் தம் பெரியம்மா இரண்டு மாதமாக முதியோர் கொடுப்பனவை எடுக்கத் தபாற்கந்தோருக்கு வரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை; அரசாங்கம் யாரையாவது அனுப்பிப் பார்க்குமா, பணம் நின்றுவிடுமா என்று கனடாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

யாரும் தாமாகப் போய்ப் பார்க்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே செயற்படுங்கள். அயலவர் ஒருவரை இன்றைக்கே படலையைத் திறந்து உள்ளே போய், பெரியம்மாவைக் கண்ணால் கண்டு, பேசிவிட்டுச் சொல்லும்படி கேளுங்கள். இரவில் விளக்கு எரிந்தது என்ற பதில் போதாது. கதவு திறக்கப்படாவிட்டால் கிராம அலுவலருக்கும் 119 மூலம் பொலிசாருக்கும் அறிவியுங்கள். உள்ளே முனகல் கேட்டால் எவருக்காகவும் காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் விசாரிப்பது நல்லது.

யாழ். மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருந்தும், பணம் எடுக்காதவர் பெயர் தபாற்கந்தோரில் வெறும் கணக்காக நின்றுவிடுகிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது இன்னாரின் கடமை என்று ஆக்கிவைக்க இவ்வளவு காலமாகியும் எவருக்கும் மனம் வரவில்லை. ஓய்வூதியர்களிடம் ஆண்டுதோறும் கேட்கப்படும் உயிர்வாழ் சான்றிதழும் அரசின் பணத்தைக் காக்கிறதே தவிர, இடையில் விழுந்து கிடக்கும் மனிதரைக் காப்பதில்லை.

வங்கிக் கணக்குக்குப் பணம் போகும் குடும்பங்களின் நிலை வேறு, அதை அழுத்திச் சொல்லவேண்டும். வறிய குடும்பங்களுக்கான அரச உதவியாகிய அஸ்வெசும கொடுப்பனவு மாதந்தோறும் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். எடுக்க ஆள் வராததைக் கவனிக்க அங்கே வரிசையும் இல்லை, முகம் தெரிந்த தபாலதிபரும் இல்லை. அட்டை வேறொருவர் கையில் இருந்தால் பணம் ஒழுங்காக எடுக்கப்படும், முதியவர் நலமாக இருக்கிறார் என்றே எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஆகவே பணம் எடுக்கப்பட்டிருப்பதை ஒருபோதும் சுகச்செய்தியாகக் கொள்ளாதீர்கள்.

நீங்கள் வெளிநாட்டில் இருப்பது தெரிந்தால், "எல்லாம் நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கிவைத்துக்கொண்டு, வெற்றுப் படிவத்தில் பெருவிரல் அடையாளம் எடுத்து, கடனுக்கு ஈடாகக் கொடுப்பனவையே பிடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முதியவர் முடங்கிக் கிடப்பது வெளியே தெரியாதிருப்பதே இவர்களுக்கு இலாபம் என்பதால், சுகம் விசாரிக்க இவர்களை அனுப்பவே கூடாது. முதியவர் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் இருக்கிறது என்பார்கள். அது எழுதிக் கொடுத்தவர் இறந்தவுடன் செல்லாது, அதன் பின் அதைக் காட்டிப் பணம் எடுப்பது குற்றமாகும். கொடுப்பனவு பற்றி விசாரிக்கக் கட்டணம் எதுவும் இல்லை; அஸ்வெசும விடயங்களுக்கு 1924 என்ற இலக்கம் இருக்கிறது.

70 வயதைக் கடந்த வறிய முதியோருக்கான தொகை 2025 ஏப்ரலில் 5,000 ரூபாவாக உயர்ந்தது. அதை இழக்க நேருமோ என்ற கவலை நியாயமானதே. ஆனால் பெரியம்மாவைக் கண்ட பிறகு, வராத காரணத்தையும் வைத்தியசாலைத் துண்டு இருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து, நிலுவையைக் கோரிப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள். கையளித்ததற்கான திகதி முத்திரையைப் பிரதியில் வாங்காமல் திரும்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.