ஹீட்டர் புளோவர் ஓடவில்லை: மோட்டார் வாங்குமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி: கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். பழைய ஜப்பான் லொறி, 24 வோல்ட். ஹீட்டர் புளோவர் கொஞ்ச நாளாக விட்டுவிட்டு ஓடியது, பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. கராஜ் பாஸ் மோட்டார் போய்விட்டது என்றார். கொழும்பில் ஒரு கடையில் ரீகண்டிஷன் மோட்டார் வாங்கிப் பூட்டினோம். அதுவும் ஓடவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், கரண்ட் சாமான் திருப்பி எடுப்பதில்லை என்கிறார்கள். காசு போனதுதானா? ஹீட்டர் இல்லாமலே ஓட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஓட்டாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவில் கரட், லீக்ஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது, வெளியே மூடுபனி, உள்ளே நீங்களும் கிளீனரும் விடுகிற மூச்சு. முன் கண்ணாடி உட்பக்கம் வெளுத்துப்போக சில நிமிடம் போதும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி என்று ஏ-5 வீதியில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. கண்ணாடிக்குச் சூடான காற்றை அடிப்பது இந்தப் புளோவர்தான். இங்கே அது பிரேக் லைட்டைப் போல அவசியமான சாமான்.

இனி மோட்டார் விஷயம். நீங்கள் வாங்கிய மோட்டார் நல்லதா கெட்டதா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. கடைக்காரரோடு பேசுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டாரைக் கழற்றி, லொறியின் இரண்டு பெட்டரிக்கும் சேர்த்து, நடுவில் ஒரு பியூஸ் வைத்த வயரால் நேரே கரண்ட் கொடுத்துப் பாருங்கள். சத்தமில்லாமல், வேகமாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. பிளஸ் மைனஸ் மாறினாலும் அது சுற்றும், ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், காற்று சோர்ந்து வரும். ஆகவே காற்று குறைவென்றால் வயரை மாற்றிப் பிடித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். தட்டினால் ஓடி, விட்டால் நின்றால் காபன் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு உரசிக் கரண்ட் கொடுக்கும் சிறு துண்டு) தேய்ந்திருக்கிறது. பல மோட்டார்களில் காபனை மட்டும் மாற்றலாம், முழு மோட்டார் தேவையில்லை.

விட்டுவிட்டு ஓடி நின்றது, வேறு மோட்டார் போட்டும் ஓடவில்லை என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், என் சந்தேகம் மோட்டாருக்குக் கரண்ட் வருகிற வழியில்தான். முதலில் பியூஸ். அதைக் கண்ணால் பார்த்தால் போதாது, கழற்றி மீட்டரில் பாருங்கள். அடுத்து மோட்டாருக்குப் போகிற பிளக். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் தேன் நிறமாகவோ கறுப்பாகவோ மாறி, உள்ளே இருக்கிற பின் பளபளப்பு இல்லாமல் நீலம் பாய்ந்திருந்தால், நோய் அங்கேதான். பின் தளர்ந்ததால் சூடேறியிருக்கிறது, சூடேறியதால் இன்னும் தளர்ந்திருக்கிறது. விட்டுவிட்டு ஓடியதும் அதனால்தான்.

பிளக் சுத்தமாக இருந்தால், சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி, சுவிட்சை முழு வேகத்தில் வைத்து, பிளக்கின் இரண்டு பின்னுக்கும் நடுவில் கரண்ட் பாருங்கள். ஒரு பின்னையும் பொடியையும் (லொறியின் இரும்பு உடலையும்) வைத்துப் பார்க்காதீர்கள். பல ஜப்பான் லொறிகளில் பிளஸ் எப்போதும் மோட்டாருக்கு வந்துகொண்டிருக்கும், சுவிட்ச் அறுப்பது எர்த் பக்கத்தைத்தான். பொடியோடு பார்த்தால் 24 வோல்ட் காட்டும், கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது என்ற தவறான முடிவுக்கு ஆளைக் கொண்டுபோய்விடும். உங்கள் பாஸுக்கு நடந்ததும் அதுவாக இருக்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். வயரில் ஒரு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 24 காட்டும், மோட்டாரைப் பூட்டியதும் அது விழுந்துவிடும். அதனால் 24 வோல்ட் தலை லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பிடித்து அந்தப் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் வழி நல்லது. மங்கலாக எரிந்தால், அல்லது எரியவே இல்லை என்றால், ரிலே (சுவிட்ச் போட்டதும் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சிறு பெட்டி), சுவிட்ச், எர்த் வயர் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். எர்த் வயர் பொடியில் பூட்டிய இடத்தில் துரு பிடித்திருந்தால், சுரண்டி இறுக்கினாலே வேலை முடிந்துவிடும். மலைநாட்டு ஈரத்தில் இது சர்வ சாதாரணம்.

புளோவரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரைப் பற்றியும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். அது போனால் பெரும்பாலும் குறைந்த வேகங்கள் மட்டுமே நிற்கும், முழு வேகம் ஓடும். உங்களுக்கு எதுவுமே ஓடவில்லை என்பதால் அதன் மேல் சந்தேகம் குறைவு. புளோவர் காற்றிலேயே குளிர வேண்டும் என்பதற்காகத்தான் ரெசிஸ்டரைக் காற்றுக் குழாய்க்குள் வைத்திருக்கிறார்கள். காய்ந்த இலையும் மண் தூசியும் சேர்ந்து காற்று அடைபட்டால் அது கருகும். மோட்டாரைக் கழற்றியிருக்கும்போதே கையை உள்ளே விட்டு வழித்து எடுத்துவிடுங்கள்.

ஒரு காரியம் மட்டும் செய்யவே வேண்டாம். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதற்குப் பதில் பெரிய பியூஸ் போடுவது, வயர்த் துண்டை முறுக்கிச் செருகுவது. மஞ்சள் பியூஸ் 20 அம்பியர், பச்சை 30. மஞ்சள் இருந்த இடத்தில் பச்சையைப் போட்டால் பியூஸ் எரியாது, டேஷ்போர்டுக்குள் வயர் எரியும். பியூஸ் போகிறதென்றால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது வயர் எங்கோ உரசுகிறது.

கடைக்கு வருவோம். நேரடிச் சோதனையில் மோட்டார் நன்றாக ஓடினால், கடைக்காரரைக் குறை சொல்ல நியாயமில்லை. அவர் நல்ல சாமானைத்தான் கொடுத்திருக்கிறார். சோதிக்காமல் மோட்டாரை வாங்கச் சொன்னது கராஜ். திரும்பப் பார்க்கிற வேலைக்குக் கூலி இல்லாமல் செய்து தரும்படி அங்கேதான் கேட்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். மோட்டாரை வைத்துக்கொள்ளுங்கள், பழைய வண்டிக்கு ஒருநாள் உதவும். மாறாக, மோட்டார் நேரே கரண்ட் கொடுத்தும் ஓடவில்லை என்றால், திருப்பி எடுப்பதில்லை என்ற ஒரு வார்த்தையோடு கடைக்காரர் விலகிவிட முடியாது. ஓடாத மோட்டாரை ஓடும் மோட்டார் என்று விற்றிருக்கிறார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். கையில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கேட்காமல் வருவதுதான் நம் ஆட்களின் பழக்கம்.

கேள்வி: ஹட்டனில் வேன் ஓட்டுகிறேன். புளோவர் நன்றாக ஓடுகிறது, ஆனால் வருவது சூடில்லாத பச்சைக் காற்று. இதற்கும் மோட்டார் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். புளோவர் காற்றைத் தள்ளுவது மட்டும்தான். சூடு வருவது எஞ்சினில் சுற்றுகிற கூலண்ட் தண்ணீரிலிருந்து. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். மட்டம் சரியென்றால், எஞ்சின் சூடானதும் ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் பச்சையாக இருந்தால் தண்ணீர் போகவில்லை, வால்வு மூடியிருக்கலாம். கீழ்நாட்டில் ஓடிய வண்டியானால் யாரோ ஹோஸைச் சுற்றிக் கட்டி ஹீட்டரைத் துண்டித்தும் இருக்கலாம். ஒன்று சூடு, மற்றது பச்சை என்றால் உள்ளே அடைப்பு. எஞ்சின் சூடே ஏறாமல் மீட்டர் முள் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட்டைப் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வை) பாருங்கள்.

கேள்வி: பழைய புளோவர் மோட்டார் வாங்கும்போது கடையில் என்ன பார்க்க வேண்டும்? (வெலிமடையிலிருந்து)

பதில்: கழற்றிய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். வண்டிப் பெயரைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள். 2020 மார்ச் முதல் பல ஆண்டுகள் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், நம் வீதிகளில் பழைய வண்டிகள் ஏராளம். ஒரே பெயர் வண்டியிலேயே 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் இருக்கின்றன. 12 வோல்ட் மோட்டாரை 24இல் கொடுத்தால் சற்று நேரம் பேய் வேகத்தில் சுற்றிக் கருகிவிடும். பிளக்கின் பின், திருகாணித் துளைகள், விசிறி இதழ் வளைந்திருக்கும் பக்கம், மூன்றையும் பழையதோடு வைத்து ஒப்பிடுங்கள். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், பெட்டரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையால் சுற்றினால் உரசல் இல்லாமல் சுற்ற வேண்டும், தண்டு ஆடக் கூடாது. பூட்டிப் பார்த்து ஓடாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.