'கென்யா' கப்பலும் 'காஸ்டல் ஃபெலிச்சே'யும் ஒன்றா?

ஒரே கப்பல்தான் சார். உங்க தாத்தா 1936இல் பம்பாயிலிருந்து மொம்பாசா போன, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் 'கென்யா', இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போய் 'கெரென்' ஆனது. 1942இல் மடகாஸ்கரில் படைகளை இறக்கியது. பிறகு சிட்மார் என்ற இத்தாலியக் கப்பல் கம்பெனி வாங்கி, உள்ளே மொத்தத்தையும் மாற்றிக் கட்டி, 1952 முதல் 'காஸ்டல் ஃபெலிச்சே' என்று ஐரோப்பியக் குடியேறிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றியது. 1970இல் தைவானில் உடைத்துவிட்டார்கள்.

அதனால் நீங்க பார்த்த வெள்ளை 'காஸ்டல் ஃபெலிச்சே' படம் தாத்தாவின் பயண ஆல்பத்துக்கு உதவாது. தாத்தா பார்த்த புகைபோக்கி கறுப்பு, நடுவே இரண்டு வெள்ளைப் பட்டை. சிட்மாரில் அது மஞ்சளாகி, 'வி' எழுத்து ஏறிவிட்டது.

இன்னொன்று, 1951இல் அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி புதிதாக ஒரு 'கென்யா' விட்டது. லண்டன் வழித்தடம். இணையத்தில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அதுதான், படத்தின் வருடத்தைப் பார்த்து எடுங்க.