குழம்பில் கலந்து கொடுக்காதீர்கள், தங்கச்சி

கேள்வி: முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு 12 வருஷக் குடி, இப்போது கண் விழித்ததுமே குவார்ட்டர் வேண்டும். போன கோயில் கொடைக்கு விரதம் என்று சட்டென நிறுத்தினார், மறுநாள் ராத்திரியே வலிப்பு. குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்க மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார் மதினி. கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தங்கச்சி. அது பெரும்பாலும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கும். உடம்பு சாராயத்தை முறிக்கிற வேலையை அது பாதியில் நிறுத்திவிடும். அதற்கு மேல் குடித்தால் நஞ்சு ரத்தத்தில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, பிரஷர் இறங்கி, உயிரே போனவர்களும் உண்டு. குடியை விட்ட ஒருவருக்கு, அவர் சம்மதத்தோடு டாக்டர் தரவேண்டிய மருந்து அது.

அந்த வலிப்புக்கு வருவோம். வருஷக்கணக்கில் தினமும் குடித்த மூளை சாராயத்தோடு ஒத்துப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் தறிகெட்டு ஓடும். நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் வரலாம். என் பெரியப்பா அப்படித்தான் மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊருது, யாரோ கூப்பிடுதாங்க என்று அலறினார், சுடலைமாடன் பிடித்துவிட்டார் என்று நாங்கள் திருநீறு பூசிக்கொண்டிருந்தோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது விடிந்துவிட்டது. அந்த ஒரு ராத்திரியை நாங்கள் வீணாக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருமுறை வலிப்பு வந்தவர் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வலிப்பு வராமலிருக்க மருந்தும், குடியால் வற்றிப்போன தயமின் சத்துக்கு ஊசியும் கொடுத்து, பார்த்துப் பார்த்து நிறுத்துவார்கள்.

அதுவரை பாட்டிலை ஒளித்துவைக்காதீர்கள். குடிக்க விடச் சொல்கிறீர்களா என்று கோபம் வரும், வரட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அப்படித்தான் சொல்வேன். வெறும் வயிற்றில் குடிக்கவிடாமல் நாலு வாய் சோறு கொடுங்கள், தண்ணீர் குடிக்கவையுங்கள், கூடவே தூக்க மாத்திரை போடவிடாதீர்கள், பைக் சாவியை வாங்கிவையுங்கள். மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதெல்லாம் எதற்கும் உதவாது.

அவர் வரமாட்டேன் என்றால் 14446-க்கு நீங்களே பேசலாம், குடி, போதைக்கான இலவச எண் அது. நாள் முழுக்கப் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருப்பீர்களே, உங்கள் மனசுக்கு 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள். அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், வலிப்பு எப்போது வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்டால் பதற்றத்தில் மறந்துபோகும்.